தட்டிக் கெஞ்சுதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போதை ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளுக்காக பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபர் டுடெர்டே மீது ஹேக் நகரில் நடக்கும் வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் 2015 முதல் 2018 வரை மணிலாவில் வேலை பார்த்தவன். அவர் ஆட்சிக்கு வந்தபிறகு இரவு பதினோரு மணிக்கும் பயமில்லாமல் நடந்து வீட்டுக்குப் போனோம். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த சந்தில் இரண்டு பேரைச் சுட்டார்கள். அதன்பின் அங்கே தொல்லை இல்லை. மனித உரிமை பேசுகிறவர்கள் போதையால் சீரழிந்த குடும்பங்களைப் பற்றி ஏன் பேசுவதில்லை? மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரை வெளிநாட்டு நீதிமன்றம் விசாரிப்பது எப்படிச் சரியாகும்?

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் பிலிப்பைன்ஸ் 2011இல் தானாகவே சேர்ந்தது. 2019 மார்ச்சில் விலகியது. உறுப்பினராக இருந்த காலத்தில் நடந்த கொலைகளைத்தான் அந்த நீதிமன்றம் விசாரிக்கிறது. 2025 மார்ச்சில் டுடெர்டேயை மணிலா விமான நிலையத்தில் கைது செய்து விமானத்தில் ஏற்றியதும் அந்த நாட்டு போலீஸ்தான். இதில் இறையாண்மை எங்கே குறைந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பயமில்லாமல் நடந்தீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் 'போனோம்' என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2016 டிசம்பரில் சோஷியல் வெதர் ஸ்டேஷன்ஸ் என்ற அந்நாட்டு ஆய்வு நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், தானோ தனக்குத் தெரிந்தவரோ இப்படிக் கொல்லப்படலாம் என்று பயப்படுவதாக 78 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே மக்களில் பெரும்பான்மையினர் போதை ஒழிப்பு நடவடிக்கையை ஆதரிக்கவும் செய்தார்கள். கைதட்டியவர்களும் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் தூங்கினார்கள். யாரும் தேடி வரமாட்டார்கள் என்ற நிம்மதி உங்களுக்கு இருந்தது, அவ்வளவுதான்.

சரி, குடும்பங்களுக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டோக்ஹாங். மணிலாவில் மூன்று வருடம் இருந்தவர் அதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. டுடெர்டேயின் ஊரான டாவோ பக்கத்து பிசாயா மொழியில் 'டோக்டோக்' என்றால் தட்டுவது, 'ஹங்யோ' என்றால் கெஞ்சிக் கேட்பது. போலீஸ் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, போதையை விட்டுவிடு என்று கெஞ்சும். 2016 ஜூலையில் தொடங்கிய திட்டம் காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

இந்த வேலையை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா பதினோரு வருடம் செய்தாள்.

பெரியம்மா மகனுக்கு பிரவுன் சுகர் பழக்கம். கிணற்று மோட்டாரைக் கழற்றி விற்றிருக்கிறார். ஒருமுறை என் அப்பாவின் கையைத் திருகி வாட்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, ஒரு ராத்திரி அடுப்படியில் பெரியம்மா என் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். "அவன் செத்துட்டா நான் ஒரு நாளாவது நிம்மதியா தூங்குவேன்டி." அம்மா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் மனதுக்குள் ஆமாம் என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் பெரியம்மா அவர் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். "கண்ணு, எழுந்திருடா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் படு."

போதையால் சீரழிந்த குடும்பம் என்று எழுதினீர்களே, அது இதுதான். ராத்திரி சாகச் சொல்லும், காலையில் சாப்பிடக் கூப்பிடும். எந்த அரசுக்கும் அந்த ராத்திரிப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு துப்பாக்கியோடு வர உரிமை கிடையாது. எங்கள் அடுப்படி வாசலில் அன்று ஒருவர் பட்டியலோடு நின்றிருந்தால், நாங்கள் மூன்று பேரும் அண்ணன் பெயரைக் கொடுத்திருப்போம். இதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு பதறுகிறது.

அங்கே பட்டியல் இருந்தது. பரங்கே என்கிற வார்டு அளவில் பெயர்களைச் சேர்த்தார்கள். பயந்துபோய் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தாங்களாகவே சரணடைந்து கையெழுத்துப் போட்டார்கள். அப்படிப் போட்டவர்களிலும் பலர் பிறகு கொல்லப்பட்டார்கள். போலீஸ் கணக்கிலேயே செத்தவர்கள் 6,200 பேருக்கு மேல். முகமூடி போட்டு மோட்டார் பைக்கில் வந்தவர்கள் கொன்றவர்களையும் சேர்த்தால் இதைப்போல் பல மடங்கு இருக்கும் என்கின்றன மனித உரிமை அமைப்புகள். பெரும்பாலும் குடிசைப் பகுதிக்காரர்கள். தூங்காமல் இன்னொரு ஷிப்ட் வண்டி ஓட்டுவதற்காக ஷாபு என்கிற மெத் போதைப்பொருளை எடுத்தவர்கள் அவர்களில் உண்டு.

எல்லா போலீஸ் அறிக்கையிலும் ஒரே சொல், 'நன்லாபன்'. எதிர்த்துத் தாக்கினான் என்று அர்த்தம். 2016இல் ராய்ட்டர்ஸ் இப்படிப்பட்ட 51 சம்பவங்களை எடுத்துப் பார்த்தது. செத்தவர்கள் 100 பேர், காயத்தோடு தப்பியவர்கள் 3 பேர். நிஜமாகவே இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டிருந்தால் கணக்கு இப்படி வருமா? 2017 ஆகஸ்டில் காலூகன் நகரில் 17 வயதுப் பள்ளி மாணவன் ஒருவனைச் சுட்டுவிட்டு இதையேதான் எழுதினார்கள். தெருக் கேமராவில் அவனைப் போலீஸார் இழுத்துப்போவது பதிவாகியிருந்தது. 'போதும், நாளைக்கு எனக்குப் பரீட்சை' என்று அவன் கெஞ்சியதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அடுத்த வருடம் மூன்று போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. கேமரா இல்லாத சந்துகளை நினைத்துப் பாருங்கள். மரண தண்டனையை 2006லேயே ஒழித்த நாடு, க. அங்கே நீதிபதிக்கே இல்லாத அதிகாரத்தை ராத்திரி ரோந்துக்காரர் எடுத்துக்கொண்டார்.

என் அண்ணனை மூன்று முறை சிகிச்சைக்குச் சேர்த்தோம். இரண்டு முறை ஓடிவந்தார். மூன்றாவது முறை தங்கினார். அப்புறம் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றார். பெரியம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி நான்கு வருடமும் அவளைக் குளிப்பாட்டியது அவர்தான். எங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்வீர்கள். இருக்கட்டும். உயிரோடு விட்டுவைத்ததால்தான் அந்த அதிர்ஷ்டத்துக்கு வழி இருந்தது.

மணிலாவில் ஃபிளாவி வில்லனுவேவா என்று ஒரு பாதிரியார் இருக்கிறார். ஒரு காலத்தில் அவரே போதைக்கு அடிமையாக இருந்தவர். 2025இல் மகசேசே விருது பெற்றார். பட்டியல் போட்டவர்களின் கண்ணில் இளவயதில் அவரும் ஒரு பெயராகத்தான் இருந்திருப்பார். அங்கே ஏழைகள் கல்லறையை வாடகைக்கு எடுப்பார்கள். ஐந்து வருடக் கெடு முடிந்தால் எலும்பை எடுத்துவிட வேண்டும். கொல்லப்பட்டவர்களின் தாய்மார்களுக்காக அந்தப் பாதிரியார் எலும்புகளை எடுத்து, தடயவியல் மருத்துவர் ராகேல் ஃபோர்ட்டுனிடம் காட்டுகிறார். சிலருடைய இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று இருக்கும். மண்டையோட்டில் குண்டு துளைத்த ஓட்டை இருக்கும். பிறகு எலும்புகளை எரித்து, காலூகனில் கட்டியிருக்கும் நினைவிடத்தில் அந்தச் சாம்பலைப் பெயரோடு வைக்கிறார்.

உங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இரண்டு பேர் என்று எழுதினீர்கள். ஒரு வரியில் சுட்டு, அடுத்த அரை வரியில் தொல்லையும் தீர்ந்துவிட்டது. நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கெட்டவராக இருந்தால் இத்தனை வருடம் கழித்து அந்தச் சந்து உங்கள் கடிதத்துக்குள் வந்திருக்காது. அங்கே உங்களோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இன்னும் தொடர்பில் இருப்பார்கள். அந்த இரண்டு பேரின் பெயரையும், அவர்கள் வீட்டில் யார் இருந்தார்கள் என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.