நெடுநிழல் நாள்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சாமி கும்பிடாத எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து, பதினோரு வருடமாக டிசம்பர் கடைசியில் எங்கள் ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில் ஒரு விழா நடத்துகிறோம். இப்போது அதன் பெயர் நெடுநிழல் நாள். மதம் இல்லாத வீடுகளுக்கென்று அப்படி ஒரு நாளை எப்படி உண்டாக்குவது, என்ன பெயர் வைப்பது என்று வடசென்னையின் பல மூலைகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி: நமக்குத்தான் பொங்கல் இருக்கே டீச்சர், அதுல மதம் எங்க இருக்கு? புதுசா ஒண்ணு எதுக்கு?

பொங்கல் உங்களுக்குப் போதுமென்றால் அதையே நன்றாகக் கொண்டாடுங்கள் தம்பி. மதப் பண்டிகைகளை ஒதுக்கிய பெரியாரே பொங்கலைத் தமிழர் விழா என்று ஏற்றுக்கொண்டார். திராவிடர் கழகத்தார் அதைத் திராவிடர் திருநாள் என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் பொங்கல் உண்டு.

ஆனால் பானை பொங்கும்போது அக்கம்பக்கத்தில் எல்லோரும் சூரியனைப் பார்த்துக் கைகூப்புவார்கள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. "நாம மட்டும் ஏம்மா சும்மா நிக்கிறோம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கும்பிட வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தோம். அந்த நேரத்தில் கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. டிசம்பரில் இது இன்னும் கூடும். ராயபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு நட்சத்திரம், தெருமுனையில் ஐயப்ப பக்தர்களின் பஜனை, விடியற்காலையில் திருப்பாவை. எங்கள் பிள்ளைகள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்கள் கைக்கு ஒரு வேலை தரத்தான் இந்த நாள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: டிசம்பர் 24 பெரியார் நினைவு நாள். அதையே எடுத்துக்கலாமே?

நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். உட்கார்ந்து யோசித்தபோது மனம் வரவில்லை. பெரியார் 1973-ல் அன்றுதான் மறைந்தார். எம்.ஜி.ஆர் மறைந்ததும் 1987-ல் அதே தேதியில். அன்றைக்கு வடசென்னையில் எத்தனை தெருமுனையில் அவர் படத்துக்கு மாலை விழும் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் 25, கீழ்வெண்மணி. 1968-ல் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த நாள். அதற்கு அடுத்த நாள் 26, சுனாமி. 2004-க்குப் பிறகு அன்று காலையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையில் நின்று கடலில் பாலும் பூவும் விடுகிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளின் வீட்டிலும் இழப்பு உண்டு. அந்த மூன்று நாளில் ஒன்றை எடுத்துப் பாயசம் காய்ச்ச என்னால் முடியாது.

அதனால் ஒரு மனிதரின் தேதியை விட்டு வானத்தின் தேதிக்குப் போனோம். டிசம்பர் 21 அல்லது 22, வடகோளத்தில் பகல் மிகக் குறைந்த நாள். சென்னையில் அன்று பகல் ஏறக்குறைய 11 மணி 21 நிமிடம். ஜூன் 21-ல் இருக்கும் பகலைவிட ஒன்றரை மணி நேரம் குறைவு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் அரையாண்டுத் தேர்வு இருக்கும். ஆகவே லீவு விட்டபின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்கிறோம். அது 24, 25, 26-ல் விழுந்தால் அடுத்த ஞாயிறு. வானம் இதற்கு இடம் கொடுக்கிறது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு ஐயா: உத்தராயணம் தை முதல் தேதிதானே? நீங்க 25 நாள் முன்னாடியே சொல்றீங்களே?

ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன ஐயா. பம்பரம் சுற்றும்போது அதன் தலை ஆடுவது போல, பூமியின் அச்சும் ஏறக்குறைய 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று மெல்ல ஆடுகிறது. நம் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறது. அதனால் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்று சங்கராந்தி தள்ளிப்போகிறது. சூரியன் உண்மையிலேயே வடக்கே திரும்பும் நாளும் தை முதல் நாளும் சேர்ந்திருந்தது கிட்டத்தட்ட 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. நம் முன்னோர் சொன்னது தவறில்லை. கணக்கு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

புளியந்தோப்பிலிருந்து ஒரு அம்மா: நிழலை அளக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். சாயங்கால நிழல்தானே நீளம்? மத்தியானம் எதுக்கு அளக்கணும்?

நல்ல கேள்வி அம்மா. ஒவ்வொரு நாளும் மிகச் சின்ன நிழல் நடுப்பகலில் விழும். அந்தச் சின்ன நிழலே ஆண்டில் மிக நீளமாக இருப்பது இந்த நாளில்தான். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வரும், நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. அதை நிழலில்லா நாள் என்கிறோம். அதற்கு எதிர்முனை இது.

தரையிலிருந்து நுனி வரை ஒரு மீட்டர் வருகிற மாதிரி ஒரு பி.வி.சி. பைப்பை, பழைய பெயின்ட் டப்பாவில் சிமென்ட் போட்டு நட்டு வைத்திருக்கிறோம். நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, பைப் நேராக நிற்கிறதா என்று பெரிய பிள்ளைகள் பார்ப்பார்கள். 11.30-க்கு முதல் புள்ளி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிள்ளை குனிந்து, நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கும். நுனி கொஞ்சம் கலங்கலாகத்தான் தெரியும், எங்கே வைப்பது என்று சண்டை வரும். புள்ளிகள் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்துகொண்டே போகும். முதலில் 77 சென்டிமீட்டர் வாக்கில் இருப்பது, 12.07-க்குப் பக்கத்தில் 74-க்கு இறங்கி, மறுபடி நீளும். அந்த 74 வந்ததும் மாடியே கத்தும். தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே "வந்துச்சா?" என்று கேட்பார்.

ஜூன் 21-ல் அதே பைப்புக்கு 18 சென்டிமீட்டர்தான், அதுவும் தெற்குப் பக்கமாக விழும். சிமென்ட் தளத்தில் இரண்டு கோடும் போட்டுக் காட்டினால், பாடப்புத்தகத்தில் ஒரு வருடம் நான் நடத்தியதைப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

அதே அம்மா: மேகமா இருந்தா?

வடகிழக்குப் பருவமழை மிச்சம் இருக்கும் மாதம், மேகம் வரத்தான் செய்யும். மறுநாள் அளக்கலாம். பத்து நாள் முன்னே பின்னே அளந்தாலும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சூரியன் திரும்பும் இடத்தில் தயங்கி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்க எங்களுக்கு இடம் கிடைத்தது அதனால்தான்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தங்கச்சி: நாங்க அஞ்சு வீடு சேர்ந்து ஆரம்பிக்கப் போறோம். பேர்லயே ஒரு மாசமா நிக்குது. என்ன பேர் வைக்கலாம்?

தங்கச்சி, பெயரைக் கடைசியில் வையுங்கள். நாங்கள் முதலில் வைத்துச் சிரமப்பட்டோம்.

முதல் வருடம் 'பகுத்தறிவு ஒளித் திருநாள்' என்று நோட்டீஸ் அடித்து, பிளாக்கில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். எங்கள் எட்டு வீட்டைத் தவிர ஒருவரும் மாடி ஏறவில்லை. கீழ்வீட்டு அக்கா பிறகு சொன்னார்: "எங்களுக்கு அறிவு இல்லைன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு டீச்சர்." அவர் சொன்னது சரி. நாத்திகர் நாள் என்று வைத்தாலும் அதே கதைதான். இல்லாத ஒன்றின் பெயரில் யாரும் விருந்துக்கு வர மாட்டார்கள்.

குளிர்கால விழா என்று ஒருவர் சொன்னார். இங்கே விடியற்காலையில் 20 டிகிரிக்குப் போனாலே மப்ளர் தேடுகிறோம், மத்தியானம் ஃபேன் ஓடுகிறது. பனி விழும் ஊரின் பெயர் நம் மாடியில் ஒட்டாது. ஒளி விழா என்றால் இலங்கைத் தமிழருக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம், இங்கே தீபாவளியும் கார்த்திகையும் ஏற்கனவே ஒளியை எடுத்துக்கொண்டன. கதிர்த்திருப்பம், அதாவது சூரியன் திரும்புவது, எனக்கு மிகவும் பிடித்த சொல். பொருளும் கச்சிதம். ஆனால் மூன்றாம் வகுப்புப் பையன் அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை இடறினான்.

பைப் வந்த மூன்றாவது வருடம்தான் பெயர் வந்தது. நிழலில்லா நாள் என்று பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும். அதற்கு ஜோடியாக நெடுநிழல் நாள் என்றேன். ஒரே வாரத்தில் அதை அவர்கள் 'நெடுநிழல்' என்று வெட்டிவிட்டார்கள். "எப்போ நெடுநிழலு?" என்று எதிர் பிளாக் மாடியிலிருந்து ஒரு பையன் கத்திக் கேட்டான். பெயர் நிலைத்தது அன்றைக்குத்தான்.

இந்தப் பெயரை எடுத்துக்கொண்டால் சந்தோஷம், ஆனால் கட்டாயம் இல்லை. நீங்கள் அன்றைக்குக் கையால் என்ன செய்கிறீர்களோ அதிலிருந்து பெயர் வரட்டும். மாடிக்கு மாடி கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். பாட்டிக்குப் பேரன் விளக்கவுரை இல்லாமல் சொல்ல முடிய வேண்டும். சாமி கும்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் அதை வாயால் சொல்ல வேண்டும்.

ஓட்டேரியிலிருந்து ஒரு அண்ணன்: வெளிநாட்டுல யாராவது இப்படிச் செஞ்சிருக்காங்களா?

அமெரிக்காவில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த, மதம் சாராத மனிதநேயர்கள் 2001-ல் ஹியூமன்லைட் என்று தொடங்கினார்கள். டிசம்பர் 23-ல் மெழுகுவர்த்தி ஏற்றி, அறிவு, இரக்கம், நம்பிக்கை என்று பேசுகிறார்கள். 1966-ல் கறுப்பின மக்களுக்காக மௌலானா கரேங்கா உண்டாக்கிய குவான்சா, மதத்துக்கு எதிரானதும் இல்லை, மதத்துக்கு உள்ளேயும் இல்லை. ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் முதல் விளைச்சல் என்ற சொற்றொடரிலிருந்து அதன் பெயர் வந்தது. சோவியத் நாட்டில் கிறிஸ்துமஸ் மரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, 1935-ல் அதையே புத்தாண்டு மரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மக்களிடமிருந்து பிடுங்கிய மரத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டி வந்தது. எனக்கு அதுதான் பெரிய பாடம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம் அண்ணா. இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியது நம் சென்னைக் கடற்கரையில்தான். உங்கள் ஓட்டேரிக்குப் பக்கத்தில் பின்னி மில் தொழிலாளிகள் 1918-லேயே சங்கம் கட்டியிருந்த ஊர் இது. சாமியும் இல்லை, பண்டிகையும் இல்லை, தொழிலாளிகளுக்கென்று ஒரு நாள். ஒரு சின்னக் கூட்டம் தொடங்கி வைத்தது, இன்று அரசு விடுமுறை.

மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு மருமகள்: எங்க அத்தை மார்கழி முழுக்க கோலம் போட்டு பூசணிப்பூ வைப்பாங்க. நான் இதைச் செஞ்சா மனசு கஷ்டப்படுவாங்களோ?

அத்தையைக் கோலம் போடச் சொல்லுங்கள்மா, மாடியில். எங்கள் மாடியில் பைப்பைச் சுற்றிக் கோலம் போடுகிறவர் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். புள்ளி வைப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. அவரவர் வீட்டுப் பூஜையை நிறுத்தச் சொல்லும் விழாவாக இது ஆகிவிட்டால், அடுத்த வருடம் நானே போக மாட்டேன்.

சாப்பாடு, வசூல், நட்சத்திரம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள்.

சாப்பாடு: வீட்டுக்கு ஒரு பாத்திரம். மொச்சை சீசன், யாராவது குழம்பு வைத்துவிடுவார்கள். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கட்டாயம் உண்டு. பர்மாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அத்தோ நூடுல்ஸ் பிசைந்து தரும், அதற்குத்தான் வரிசை. வசூல் கிடையாது, கடைகளில் நோட்டுப் புத்தகம் நீட்டவே கூடாது. காகித நட்சத்திரம் தாராளமாகத் தொங்கவிடுங்கள், சூரியனும் நட்சத்திரம்தானே.

2023-ல் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்துகொண்டிருந்த நேரம். அந்த வருடம் நிழலை மட்டும் அளந்தோம். சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தில் பாய் வாங்கி அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா: மனைவி போய் ரெண்டு வருஷம் ஆகுது. திதி கொடுக்கறதில நம்பிக்கை இல்ல. ஆனா ஒண்ணுமே செய்யாம இருக்கவும் முடியல. உங்க நாள்ல இதுக்கு இடம் உண்டா?

உண்டு ஐயா. நிழலை அளந்து முடித்ததும், 74-ல் ஒரு கோடு இழுப்போம். வேண்டியவர்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனவர்களின் பெயரைச் சாக்பீஸால் எழுதுவார்கள். யாரும் பேச மாட்டார்கள், யாரையும் எழுதச் சொல்லவும் மாட்டார்கள். என் கணவர் இறந்த வருடம், நான் இரண்டு எழுத்து எழுதியதும் கை நின்றுவிட்டது. மீதியை மகள் எழுதினாள். அதற்குப் பக்கத்தில் ஒரு பையன் செத்துப்போன தன் நாய்க்குட்டியின் பெயரை எழுதியிருந்தான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

அடுத்த மழையில் எல்லாம் அழிந்துவிடும். மறு வருடம் மறுபடி எழுதுகிறோம். நீங்கள் வாருங்கள் ஐயா, அவர் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

கொடுங்கையூரிலிருந்து ஒரு குடும்பம்: இந்த வருஷம் நாங்களும் வரலாமா?

வாருங்கள். ஆளுக்கு ஒரு தட்டு, டம்ளர், வெயிலுக்கு ஒரு துண்டு. லிஃப்ட் கிடையாது, நான்கு மாடி ஏற வேண்டும். முட்டி வலி இருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால், பையன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வருவார்கள், அந்தப் பாட்டியும் அப்படித்தான் வருகிறார். முதல் புள்ளி 11.30-க்கு. உங்கள் பிள்ளைக்கு ஒரு புள்ளி ஒதுக்கி வைக்கிறேன், 11.25-க்குள் வந்துவிடுங்கள்.