புதுப் பாடமாகக் கேட்காதீர்கள்

வணக்கம். ஜெர்மன் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடத்த நினைத்த இணையவழிப் பாடத்தை, "கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) யார் தருவது?" என்று கேட்டுப் பாடத்திட்டக் குழு திருப்பி அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம். இருவரும் ஏற்கெனவே நடத்தும் பாடங்களுக்குள் நான்கு வாரக் கூட்டுப் பகுதியாக மாற்றி எழுதுங்கள். அவரவர் மாணவருக்கு அவரவரே மதிப்பெண்ணும் கிரெடிட்டும் தரலாம். கட்டணப் பேச்சே எழாது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட கூட்டு இணையவழிப் பாடங்களுக்கென 2006இல் ஒரு மையமே தொடங்கியது.

உண்மையான சிக்கல் நாட்காட்டிதான். ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிந்துவிடும். ஆகவே ஜனவரியில் தொடங்குங்கள், பொங்கல் வாரத்தை மட்டும் விட்டுவிட்டு. நமக்குப் பிற்பகல் 2.30 என்றால் அங்கே காலை 10. முதல் வாரம் பாடம் எடுக்காமல் மாணவர்களைப் பழகவிடுங்கள், தயவுசெய்து.