கறுப்புச் சட்டையில் சப்ளிமேஷன் கேட்காதீர்கள்

கபடி குழுவுக்கு 14 ஜெர்சி அடித்தோம். "சப்ளிமேஷன், கலர் போகவே போகாது" என்றார்கள். மூன்று துவைப்பில் எண்கள் வெளுத்துவிட்டன. துவைத்த விதம் தப்பா? (தேனி)

உங்கள் மேல் தப்பில்லை. துணியில் ஏமாற்றியிருக்கிறார்கள். சப்ளிமேஷன் என்பது காகிதத்தில் அச்சிட்ட படத்தைச் சூட்டில் அழுத்தித் துணிக்கு மாற்றும் முறை. அதன் மையில் இருப்பது பாலியெஸ்டருக்கான டிஸ்பர்ஸ் சாயம். ஹீட் பிரஸ்ஸில் 190 முதல் 200 டிகிரி சூட்டில் முக்கால் நிமிடம் அழுத்தினால், காகிதத்தில் இருக்கும் சாயம் ஆவியாகி இழைக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். பருத்தி அதற்கு இடம் கொடுக்காது. மேலே ஒட்டி நிற்பது சோப்புத் தண்ணீரோடு போய்விடும்.

உங்கள் ஜெர்சி பருத்தியும் பாலியெஸ்டரும் சேர்ந்த கலப்புத் துணியாகத்தான் இருக்கும். உள்மடிப்பில் ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தையல் நூலை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். துணியிலிருந்தே உருவ வேண்டும். சுருண்டு உருகிக் கெட்டி மணியானால் பாலியெஸ்டர். காகிதம் போல எரிந்து பொடியானால் பருத்தி. சாம்பலுக்குள் கட்டி நெருடினால் கலப்பு.

பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருந்தால் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். துவைக்காத ஜெர்சி ஒன்று மிச்சமிருந்தால் அதைச் சாட்சியாக அப்படியே வைத்திருங்கள்.

கறுப்பு டி-ஷர்ட்டில் மஞ்சள் எழுத்து, சப்ளிமேஷனில் வருமா? (திருச்சி)

வராது. இந்தச் சாயம் கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் நிறம் தெரியும். வெள்ளை மையும் இதில் கிடையாது. கடையில் பார்க்கும் கறுப்பு ஜெர்சி, வெள்ளைத் துணியில் கறுப்பை அடித்தது.

"காட்டனிலும் சப்ளிமேஷன் செய்து தருகிறோம்" என்கிறார்கள். நம்பலாமா? (ஈரோடு)

இந்த விளம்பரத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. அவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. பருத்தியின் மேல் பாலிமர் பூச்சை ஸ்ப்ரே செய்து உலர்த்தி அதன்மேல் அழுத்துவார்கள். அந்த இடம் கஞ்சி போட்டது போல விறைக்கும், பூச்சு தேயத் தேய நிறமும் போகும். இல்லையென்றால், டிடிஎஃப் (ஃபிலிமில் அச்சிட்ட படத்தைப் பசையோடு சூட்டில் துணிமேல் ஒட்டும் முறை) போட்டுவிட்டு அதையே சப்ளிமேஷன் என்பார்கள். டிடிஎஃப் கெட்டதல்ல. பருத்தியில் பிடிக்கும், கறுப்பிலும் வரும். ஆனால் மார்பு முழுக்கப் படம் போட்டால் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டது போல வேர்க்கும், ஓரம் சரியாக ஒட்டாவிட்டால் உரியும். பெயரை மாற்றி விற்பதுதான் அயோக்கியத்தனம். கண்ணை மூடித் தடவிப் பாருங்கள்: உண்மையான சப்ளிமேஷனில் அச்சு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. "காட்டன் ஃபீல்" என்ற சொல்லை நம்பி வாங்கிய மூன்று பாலியெஸ்டர் சட்டைகள் என் அலமாரியிலும் தூங்குகின்றன.

பருத்திதான் வேண்டும், இரண்டு நிறம், 100 சட்டை என்றால் பேசாமல் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குப் போங்கள். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு எண், பத்து நிறம் என்றால் சப்ளிமேஷனை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கிரீன் செலவில்லை, அச்சு வெடிக்காது, உரியாது. வியர்வை நாற்றம் பாலியெஸ்டரில் சீக்கிரம் பிடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

புது ஜெர்சியில் அக்குளிலும் தோள் தையலிலும் வெள்ளைக் கோடுகள். டேமேஜா? (சேலம்)

தைத்து முடித்த சட்டையை அப்படியே பிரஸ்ஸில் வைத்திருக்கிறார்கள். மடிப்புக்குள் சாயம் போகாது. முழு உடம்புக்கும் டிசைன் என்றால் வெட்டிய துண்டுகளில் அச்சிட்டு, பிறகு தைக்க வேண்டும். "கட் பீஸ் பிரிண்டா?" என்று ஆர்டருக்கு முன்பே கேளுங்கள். அப்படிப் பேசி வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி 40 சட்டை அடித்தோம். எல்லாம் மங்கல். பணம் திரும்பக் கிடைக்குமா? (மதுரை)

ஒரு சட்டை சாம்பிள் கேட்டீர்களா? இல்லை. மாதிரிப் படத்துக்கு "ஓகே" போட்டது யார்? நீங்கள். பிறகு எதற்குப் பணம் கேட்கிறீர்கள்? படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பியிருக்க வேண்டும். ஏ3 அளவுக்கு 150 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி) என்றால் சுமார் 1,750-க்கு 2,480 பிக்சல் வேண்டும்.

சப்ளிமேஷன் சட்டையை அயர்ன் செய்யலாமா? (கடலூர்)

உள்பக்கம் திருப்பி, பாலியெஸ்டர் குறியில் வைத்து. காட்டன் குறிக்குத் திருகினால் சாயம் மறுபடி கிளம்பி இஸ்திரி விரிப்பில் ஒட்டும், துணியும் பளபளத்துப்போகும்.