நடுவில் ஒரு பெயர்: வாசகர் கேள்வி பதில்

குழந்தைக்கு யாரும் வைக்காத மிடில் நேம் ஒன்றைத் தேடும் பெற்றோர் அனுப்பிய கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும்.

பெண் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. ‘நிலா’ என்று கூப்பிடப் போகிறோம். கூடவே ‘ஞாழல்’ என்ற பூவின் பெயரை மிடில் நேமாகச் சேர்க்க ஆசை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் மிடில் நேமுக்கு இடமே கிடையாது என்கிறார்கள். எங்கே எழுதுவது?
– வாசகி, கோயம்புத்தூர்

தனி இடம் கிடையாதுதான். ‘குழந்தையின் பெயர்’ என்று ஒரே கட்டம் இருக்கும். அதில் ‘நிலா ஞாழல்’ என்று நடுவில் இடம் விட்டு எழுதுங்கள். அப்பா, அம்மா பெயர்களுக்குத் தனிக் கட்டங்கள் உண்டு.

அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஆஸ்பத்திரியிலேயே அது முடிந்திருக்கும். பெயரை அப்போதே சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பதிவான தேதியிலிருந்து 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு 15 வருடம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒரு முறை ஏறிய பெயரை மாற்றித் தர மாட்டார்கள், எழுத்துப் பிழையை மட்டும் திருத்துவார்கள். ஆகவே கையில் இருக்கும் மாதங்களை வீட்டில் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கவும், எழுதிப் பார்க்கவும் செலவழியுங்கள்.

இந்தச் சான்றிதழ் முன்பைவிட இப்போது முக்கியம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரமாக ஏற்கப்படுவது இது ஒன்றுதான். இதில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் மற்ற எல்லாவற்றிலும் பெயர் ஏற வேண்டும்.

அடுத்தடுத்த படிவங்கள் ஒன்றுபோல் இருக்காது. ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம். பாஸ்போர்ட்டில் இரண்டு: கிவன் நேம், சர்நேம். நடுப்பெயர் கிவன் நேமில், முதல் பெயருக்குப் பின்னால் போகும். பான் கார்டு படிவத்தில்தான் மூன்று கட்டமும் உண்டு. பாஸ்போர்ட்டிலும் பானிலும் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். எனவே கிவன் நேமில் ‘நிலா ஞாழல்’, சர்நேமில் அப்பாவின் பெயர் என்று வைத்துக்கொள்வது நல்லது. சர்நேமைக் காலியாக விட்டுவிட்டு மூன்றையும் கிவன் நேமில் அடைக்க வேண்டாம். அமெரிக்க விசாவில் அந்த மொத்தப் பெயரும் சர்நேம் ஆகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்று எழுத்து உட்கார்ந்துவிடும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது பலர் திண்டாடினார்கள்.

இனி ஞாழல். நல்ல தேர்வு. நெய்தல் நிலத்து மரம், கடுகு மாதிரிச் சின்னப் பூ. ஐங்குறுநூற்றில் இதற்கென்றே பத்துப் பாட்டு இருக்கிறது. சிக்கல் எழுத்தில்தான். ‘ஞ’வும் ‘ழ’வும் ஒரே பெயரில் வருகின்றன. ஆங்கிலத்தில் ஞாவுக்கு ‘ஜி என்’ போடுவார் ஒருவர், ‘என் ஜே’ போடுவார் இன்னொருவர், ‘என் ஒய்’ போதும் என்பார் மூன்றாமவர். ழகரத்துக்கு ‘இசட் எச்’சா வெறும் ‘எல்’லா என்பது அடுத்த குழப்பம். ஒன்றை முடிவுசெய்து, தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் ஒரு தாளில் எழுதிப் பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். வாயால் சொன்னால் ‘நிலா ஞாலல்’ என்றோ, இடைவெளி போய் ‘நிலாஞாழல்’ என்றோ ஏறிவிடும். இடைவெளி போனால் நடுப்பெயரும் போயிற்று என்று அர்த்தம். சான்றிதழை இணையத்தில் இறக்கி எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் ஆதாருக்குப் போக வேண்டும். அங்கேயும் ஆங்கிலத்தில் அடித்ததைக் கணினி தானாகத் தமிழாக்கும். ழகரம் பெரும்பாலும் அங்கேதான் காணாமல் போகிறது. திரையில் இரண்டு மொழியையும் பார்த்துவிட்டே சரி சொல்லுங்கள். ஆதாரில் பெயர்த் திருத்தம் வாழ்நாளில் இரண்டு முறைதான்.

நடுப்பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம்? என் கணவர் பெயர் பாலசுப்பிரமணியன். மகளுக்குச் செந்தமிழ்ச்செல்வி என்று முடிவாகிவிட்டது.
– வாசகி, சேலம்

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில், கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, விமான நிலைய இயந்திரம் படிப்பது அதைத்தான். வரிக்கு 44 இடம். முதல் வரியில் ஐந்து இடம் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போய்விடும், பெயருக்கு மிச்சம் 39. இது எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் பொது.

ஆங்கிலத்தில் பாலசுப்பிரமணியன் என்பது வழக்கமான எழுத்துக்கூட்டலில் 15 எழுத்து. சர்நேமுக்கும் கிவன் நேமுக்கும் நடுவே இரண்டு அம்புக்குறி. ஆக 17 போய் 22 மிச்சம். செந்தமிழ்ச்செல்விக்கு ஒற்றைச் ‘எஸ்’ஸோடு எழுதினாலும் 15. மிச்சம் ஏழு, அதில் ஒன்று இடைவெளிக்கான அம்புக்குறி. உங்கள் நடுப்பெயருக்கு ஆறு எழுத்துதான் இடம். முந்தைய கேள்வியின் ஞாழல் ‘ஜி என்’ போட்டால் ஏழெழுத்து, உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. ‘யாழ்’ நாலே எழுத்து, தாராளமாகப் பொருந்தும்.

இடம் போதாவிட்டால் பாஸ்போர்ட் மறுக்கப்படாது. மேலே பெயர் முழுதாக அச்சாகும், கீழ்வரியில் மட்டும் வெட்டுவார்கள். வெட்டுப்பட்ட பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாதபோதுதான் கவுன்ட்டரில் நிற்க வேண்டி வரும்.

டிக்கெட் பற்றி ஒன்று. பல விமான நிறுவனங்கள் முதல் பெயரையும் நடுப்பெயரையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, கடைசியில் ‘மிஸ்’, ‘மாஸ்டர்’ என்பதையும் சேர்த்து ஒரே சொல்லாக அச்சிடும். அது பிழை அல்ல, பதற வேண்டாம். ஆனால் நடுப்பெயரை விட்டுவிட்டு டிக்கெட் போடாதீர்கள். கிவன் நேம் முழுவதையும் அடியுங்கள்.

பையனுக்கு அர்ஜுன் என்று வைக்கிறோம். நடுவில் கடையெழு வள்ளல்களில் ஒருவர் பெயர் வேண்டும். யார் பொருந்துவார்?
– வாசகர், பாஸ்டன், அமெரிக்கா

பாரி எல்லோருக்கும் தெரிந்த பெயர், உங்களுக்கு அது போதாது என்று புரிகிறது. மற்ற ஆறு பேரையும் ஆங்கில எழுத்தில் எழுதி, தமிழே தெரியாத ஒருவர் எப்படி வாசிப்பார் என்று பாருங்கள். காரியை ‘கறி’ ஆக்கிவிடுவார்கள். போதாததற்கு நார்வேயில் அது பெண் பெயர். பேகனை வகுப்புத் தோழர்கள் ‘பாகன்’ என்று வாசிப்பார்கள். அங்கே அந்தச் சொல்லுக்குப் பல தெய்வம் கும்பிடும் பழைய மதத்தார் என்று பொருள். நள்ளியின் ளகரம் ஆங்கிலத்தில் நிற்காது, நம்மவர்களுக்கே ஆட்டுக்கால்தான் ஞாபகம் வரும். ஆய் என்பதை அமெரிக்க வாயில் விட்டால் கூச்சலாகிவிடும். அதியன் நல்ல பெயர், சிக்கலில்லை. எங்கள் தேர்வு ஓரி. கொல்லிமலைக்காரன், வில்லுக்குப் பெயர் போனவன். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. எபிரேய மொழியிலும் ‘என் ஒளி’ என்ற பொருளில் ஓரி ஒரு பெயர்தான், அதனால் அமெரிக்கக் காதுக்குப் புதிதாக இருக்காது.

உங்கள் ஊர் விவரமும் ஒன்று. சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் (அரசு தரும் அடையாள எண் அட்டை) முதல் பெயரும் நடுப்பெயரும் சேர்ந்து 26 இடத்துக்குள் அடங்க வேண்டும். அதை வழங்கும் துறை நடுப்பெயரைச் சட்டப்பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. துணிச்சலான பெயரை நடுவில் வைக்க இதைவிடத் தோதான நாடு இல்லை. பையன் வளர்ந்து வேண்டாம் என்றால் ‘ஓ’ என்று ஓரெழுத்தோடு விட்டுவிடுவான்.

அந்த ஓரெழுத்தையும் முன்கூட்டிப் பாருங்கள். மூன்று பெயரின் ஆங்கில முதலெழுத்தையும் வரிசையாக எழுதுங்கள். பாரி இளவேனில் கோபால் என்று ஒரு குழந்தை இருந்தால் பள்ளிப் பையிலும் சாப்பாட்டு டப்பாவிலும் ‘பி ஐ ஜி’ என்றுதான் ஒட்டுவார்கள்!

மாமியார் பெயர் இசக்கியம்மாள். பேத்திக்கு அதை வைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எனக்கும் கணவருக்கும் ‘மிதிலா’தான் பிடிக்கிறது. சண்டை வராமல் ஒரு வழி சொல்லுங்கள்.
– வாசகி, திருநெல்வேலி

‘மிதிலா இசக்கி’. ‘அம்மாள்’ மட்டும் உதிரட்டும். அது மரியாதைக்குச் சேர்ந்தது. பெயர் இசக்கிதான். அதையும் நறுக்கி ‘இஷா’ ஆக்கிவிட்டு மாமியார் பெயரை வைத்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள், அவருக்கு நன்றாகவே புரியும்.

முதல் பெயராக வைத்திருந்தால் உங்களுக்கே சங்கடம். மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று சொந்தக் குழந்தையை ‘ஆச்சி’, ‘பாப்பா’ என்றே வருடக்கணக்கில் கூப்பிடும் மருமகள்கள் உங்கள் பக்கம் இன்னும் உண்டு. நடுவில் இருந்தால் காகிதத்தில் இருக்கும், கூப்பிட வேண்டியதில்லை. தெற்கே இசக்கி அம்மன் காவல் தெய்வமும்கூட. இருபது வயதில் உங்கள் மகள் அந்தப் பெயரைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவாள் என்பது எங்கள் ஊகம்.

அடுத்து உங்கள் அம்மா பெயரும் வேண்டும் என்று பேச்சு வரும். இரண்டு நடுப்பெயர் வேண்டாம். மேலே போட்ட 39 இடக் கணக்கு உடனே இடிக்கும். பெயர் சூட்டும் அன்று குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்கிறோம் அல்லவா? அங்கே எத்தனை பெயர் வேண்டுமானாலும் சொல்லலாம். உங்கள் அம்மா பெயரை அவர்களையே காதில் சொல்லச் சொல்லுங்கள்.

எண் கணிதப்படி பெயரில் ஒரு எழுத்து கூட்டச் சொல்கிறார் ஜோதிடர். முதல் பெயரில் கூட்டுவதா, நடுப்பெயரிலா?
– வாசகர், சென்னை

எங்களைக் கேட்டால் எங்கேயும் வேண்டாம். கூட்டியே தீருவதென்றால் நடுப்பெயரில் கூட்டுங்கள். முதல் பெயரில் இரட்டை ‘ஏ’ விழுந்தால் போகிற இடமெல்லாம் பிள்ளை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

எழுத்தைவிட நேரம் முக்கியம். ஆங்கிலத்தில் முதல் காகிதம் வருவதற்கு முன்பே கூட்டிவிட வேண்டும். சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி, ஜோதிடரைப் பார்த்த பிறகு பள்ளியில் மூன்றாவது மாதிரி என்று ஓடினால் அது பத்தாம் வகுப்பில் வெடிக்கும். பள்ளி அனுப்பும் நாமினல் ரோலில் (தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியல்) உள்ளபடிதான் மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும். அதற்கு முன் பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள், அதையும் பார்க்காமல் போட்டுத் தருபவர்கள் உண்டு.

மகன் பெயரை ‘கவின்’ என்று பதிந்தாயிற்று. இப்போது நடுவில் ‘பொருநை’ சேர்க்க ஆசை. முடியுமா?
– வாசகர், தூத்துக்குடி

பிறப்புப் பதிவேட்டில் முடியாது. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அதைக் காட்டி ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் மாற்றலாம். பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் பழைய பெயரே நிற்கும், ஆயுளுக்கும் இரண்டு காகிதத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஒரு நடுப்பெயருக்கு இது அதிகம். தாமிரபரணியின் பழைய பெயர் அருமையானதுதான், வீட்டில் கூப்பிடுங்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் வாசகர்களுக்கு மட்டும் சலுகை உண்டு. அங்கே 42 நாளுக்குள் பதிய வேண்டும். பதிந்த பிறகும் 12 மாதத்துக்குள் முதல் பெயரையோ நடுப்பெயரையோ மாற்றவும் சேர்க்கவும் வழியிருக்கிறது.

‘அனிச்சம்’ என்ற பெயரைச் சுருக்கி ‘அனிச்சா’ என்று மகளுக்கு நடுவில் வைக்கலாமா? குறளில் வரும் பூ என்பதால் பிடித்திருக்கிறது.
– வாசகி, கொழும்பு

மோந்தாலே வாடும் பூ என்று 90ஆம் குறள் சொல்கிறது, அழகுதான். ஆனால் நீங்கள் இருப்பது கொழும்பில். பக்கத்து வீட்டுச் சிங்களவர் காதில் விழுவது பாளிச் சொல்லான ‘அநிச்சா’, அதாவது நிலையாமை. சாவு வீட்டுத் தெருவில் கட்டும் வெள்ளைப் பதாகையில் ‘அநிச்சா வத சங்காரா’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைக்குழந்தைக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

பூதான் வேண்டுமென்றால் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார். தளவம், மௌவல், செருந்தி, குவளை என்று வாய்க்கு இதமானவை நிறைய. வெட்சி, நொச்சி, தும்பை மூன்றையும் எடுக்குமுன் யோசியுங்கள்: மாடு கவர்வதற்கும், மதிலைக் காப்பதற்கும், நேருக்கு நேர் போரிடுவதற்கும் சூடிய பூக்கள் அவை. முரட்டுப் பெண்ணாக வளர்க்கும் உத்தேசம் இருந்தால் நொச்சியை நாங்கள் தடுக்க மாட்டோம்.

மலேசியாவில் ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) போடும்போது நடுப்பெயர் எந்தப் பக்கம் வரும்?
– வாசகி, கிள்ளான்

‘ஏ/பி’க்கு முன்னால். அதற்குப் பின்னால் வருவது எல்லாம் அப்பாவின் பெயர் என்றே எடுத்துக்கொள்ளப்படும். மகளுக்கு வைத்த பூப்பெயர் அப்பாவுக்குப் போய்விடும்.