மட்டையால் செய்ததா, மட்டையிலிருந்து செய்ததா?

அன்புள்ள ஐயா,

ஆத்தூர் பக்கம் பாக்குமட்டைத் தட்டு செய்யும் சிறிய பட்டறை நடத்துகிறேன். ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். முதல் முறையாக வெளிநாட்டுக்குத் தட்டு அனுப்பும் வாய்ப்பு வந்திருக்கிறது. பெட்டியில் ஒட்டுவதற்கு 'மேட் பை அரிக்கா லீஃப்' என்று லேபிள் அடித்து மாதிரி அனுப்பினேன். வாங்குபவர் அந்த வரியைத் திருத்தச் சொல்லிவிட்டார், எப்படி என்று சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகள் 'மேட் ஆஃப்' என்கிறாள். லேபிள் அடித்துத் தருபவர் 'மேட் ஃப்ரம்' என்கிறார். பொருள் உருமாறாவிட்டால் 'ஆஃப்', உருமாறினால் 'ஃப்ரம்' என்று பள்ளியில் படித்த ஞாபகம். மட்டை தட்டானால் அது உருமாறியதா, இல்லையா? தமிழில் எல்லாவற்றுக்கும் 'ஆல்' போதும். ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இத்தனை?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொல்வதும் சரி, லேபிள்காரர் சொல்வதும் சரி. 'பை' மட்டும்தான் தவறு. அது ஏன் உங்கள் பேனாவில் வந்தது என்பதற்கான பதில் உங்கள் கடைசிக் கேள்வியிலேயே இருக்கிறது.

'ஆல்' உருபு வரும் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா (செய்பவர்), உடனிகழ்வு என்று பொருள் சொல்கிறது நன்னூல். கருவியை முதற்கருவி, துணைக்கருவி என்று மேலும் பிரித்துப் பள்ளியில் படித்திருப்பீர்கள். மரத்தால் செய்த கதவு என்கிறோம். மரம் கதவாகவே ஆகிவிட்டது, அது முதற்கருவி. உளியால் செய்த கதவு என்றால் வேலை முடிந்ததும் உளி பெட்டிக்குப் போய்விடும், அது துணைக்கருவி. தச்சரால் செய்யப்பட்ட கதவு என்றால் அவர் கருத்தா. மூன்றுக்கும் ஒரே 'ஆல்'தான். நாம் குழம்புவதில்லை, ஏனென்றால் மரம், உளி, தச்சர் என்ற சொற்களே யார் எது என்று காட்டிவிடுகின்றன. ஆங்கிலம் அந்த வேலையை முன்னால் வரும் சிறு சொல்லிடம் கொடுத்திருக்கிறது. மரத்துக்கு 'ஆஃப்', உளிக்கு 'வித்', தச்சருக்கு 'பை'. ஆகவே 'மேட் பை அரிக்கா லீஃப்' என்று படிக்கும் ஆங்கிலக்காரருக்கு, பாக்கு இலையே உட்கார்ந்து தட்டைச் செய்தது போலத் தோன்றும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. கையால் செய்தது என்பதற்கு 'மேட் பை ஹேண்ட்' என்றுதான் சொல்ல வேண்டும், இயந்திரத்துக்கும் அப்படியே, 'பை மெஷின்'. இங்கே கை என்பது ஒரு குறிப்பிட்ட கருவி இல்லை, செய்யும் முறை. அதனால்தான் அந்த இடத்தில் 'ஏ', 'த' எதுவும் வராது. குறிப்பிட்ட ஒரு சுத்தியலைச் சொன்னால் 'வித் ஏ ஹேமர்' ஆகிவிடும்.

இன்னொரு வழுக்குப் பாதை நம் பேச்சில் இருக்கிறது. வீட்டில் யாரும் 'மரத்தால் செய்யப்பட்ட' என்று பேசுவதில்லை. தேக்குல செஞ்ச கதவு, வெள்ளியில கொலுசு, கம்புல கூழ் என்போம். பேச்சுத் தமிழில் பொருளுக்கு இடவேற்றுமையே வந்து உட்கார்ந்துவிட்டது. எழுத்துத் தமிழில் யோசிப்பவர் 'மேட் பை' என்று எழுதினால், பேச்சுத் தமிழில் யோசிப்பவர் 'மேட் இன் காட்டன்' என்று எழுதுகிறார். நான் பள்ளியில் இரண்டையும் எழுதியிருக்கிறேன். சிவப்பு மையில் சுழித்தார்கள், காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தமிழ் இலக்கண வகுப்பும் ஆங்கில வகுப்பும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன என்பது அப்போதே புரிந்திருக்கும். அந்த வருத்தம் இன்னும் இருப்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, உருமாற்ற விதிக்கு வருவோம். அது பொய்யில்லை, தொடக்கத்துக்கு உதவும். கருப்பட்டியைப் பார்த்துப் பதநீர் என்று யாரும் சொல்ல முடியாது, ஆகவே 'ஃப்ரம்'. பித்தளைக் குடம் இன்னும் பித்தளைதான், ஆகவே 'ஆஃப்'. ஆனால் உங்கள் தட்டு போன்ற பொருளிடம் வந்தால் அந்த விதி திணறும். மட்டையைக் கழுவி, சூடான அச்சில் வைத்து அழுத்துகிறீர்கள். பசை இல்லை, வேறு கலப்பு இல்லை. ரேகைகள்கூட அப்படியே தெரிகின்றன. விதிப்படி 'ஆஃப்' மட்டுமே சரி என்றாகும். ஆனால் இதே தட்டுக்கு 'மேட் ஃப்ரம்' என்று ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் நிறையப் பேர், அவர்கள் எழுதுவதும் நல்ல ஆங்கிலமே.

எனக்கு உதவிய வழி வேறு. 'ஆஃப்' என்பது பொருளின் இன்றைய நிலையைச் சொல்கிறது: இது என்ன? 'ஃப்ரம்' அதன் பழைய கதையைச் சொல்கிறது: இது முன்பு என்னவாக இருந்தது, எங்கிருந்து வந்தது? நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருள் அதற்குள் இருக்கிறது. தட்டைத் தடவிப் பார்த்துச் சொன்னால் 'ஆஃப்'. மரத்திலிருந்து தானாக உதிர்ந்த மட்டை, அதைப் பொறுக்கி வந்து செய்தோம் என்று சொன்னால் 'ஃப்ரம்'. வித்தியாசம் மட்டையில் இல்லை, நீங்கள் எதைச் சொல்ல வருகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

'அவுட் ஆஃப்' இதற்குப் பக்கத்து வீடு. பழைய சேலையில் தைத்த பை, டயரில் வெட்டிய செருப்பு என்று, ஒன்றுக்காக இருந்ததை வேறொன்றாக்கும்போது அது இயல்பாக வரும். திசையைத் திருப்பி, மூலப்பொருளிலிருந்து தொடங்கினால் 'இன்டு'. பால் தயிராக்கப்படுகிறது. 'தயிருக்குப் பால் எடுத்து வை' என்கிறோமே, நான்காம் வேற்றுமையில் அதுவாதல் என்று படித்தது, அந்த உறவுதான் இது.

'வித்' என்று மாற்றிவிடலாமா என்று தோன்றினால், வேண்டாம். ஒரு பொருளின் பெயரோடு 'மேட் வித்' வந்தால், பலவற்றில் இதுவும் ஒன்று என்ற தொனி வரும். நெய் சேர்த்த பிஸ்கட்டுக்கு அது பொருந்தும். அமெரிக்க வேளாண் துறையின் இயற்கை உணவு விதிகளில் இந்தச் சொல்லுக்குத் தனிக் கணக்கே இருக்கிறது. வெறுமனே 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதம் இயற்கைப் பொருள் வேண்டும், 'மேட் வித் ஆர்கானிக்' என்று இன்ன பொருளைச் சொல்லிப் போட 70 சதவீதம் போதும். உங்கள் தட்டு முழுக்க மட்டை. அதை ஏன் குறைத்துச் சொல்ல வேண்டும்?

இவை என்றைக்கும் இப்படியே இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், மாற்கு முதல் அதிகாரம் 9ஆம் வசனத்தில், இயேசு யோவானால் ஞானஸ்நானம் பெற்றதை 'பேப்டைஸ்டு ஆஃப் ஜான்' என்று எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு 'பை' வரும் இடத்தில் அன்று 'ஆஃப்' வந்தது. ஷேக்ஸ்பியரின் 'த டெம்பஸ்ட்' நாடகம் 1623இல் அச்சானபோது, கனவுகள் எதனால் ஆனவை என்று சொல்லும் வரியில் 'மேட் ஆன்' என்றுதான் இருந்தது. இன்று மேற்கோள் காட்டும் பலர் தங்கள் காதுக்குப் பழகிய 'ஆஃப்' ஆக அதை மாற்றிவிடுகிறார்கள். ஆங்கிலமும் 'ஆல்' போன்ற ஒரு சொல்லை வைத்துப் பல வேலை பார்த்த மொழிதான்.

உங்கள் மகளுக்கு இன்னொன்று, இது தேர்விலும் வரும். அவரைக் காக்க வைத்தார்கள் என்பது செய்வினையில் 'மேட் ஹிம் வெயிட்', நடுவில் 'டு' இல்லை. செயப்பாட்டுவினைக்கு மாறியதும் 'ஹி வாஸ் மேட் டு வெயிட்' என்று 'டு' வந்துவிடும். அதை விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இனி லேபிள். நானாக இருந்தால் முதல் வரியில் 'மேட் ஃப்ரம் ஃபாலன் அரிக்கா லீஃப் ஷீத்ஸ்' என்று போடுவேன். நீங்கள் பயன்படுத்துவது இலை அல்ல, மட்டை, ஆகவே 'ஷீத்' என்ற சொல் அவசியம். மரத்தை வெட்டவில்லை என்பதை 'ஃபாலன்' சொல்லிவிடும். அடுத்த வரி 'மேட் இன் இந்தியா'. பிரிட்டிஷ் சரக்கு என்று தோன்றும்படி குறியிட்ட வெளிநாட்டுச் சரக்கில், எந்த நாட்டில் செய்தது என்றும் பொறிக்க வேண்டும் என்று 1887இல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜெர்மன் சரக்கை மட்டம் தட்ட வந்த அந்த முத்திரையே பிறகு ஜெர்மன் சரக்கின் தரத்துக்கு அடையாளமாகிவிட்டது.

நீங்கள் அடித்துவிட வேண்டிய அந்த 'பை'யைத் தூக்கி எறிய வேண்டாம். மூன்றாம் வரியில் அதற்கு இடம் இருக்கிறது. 'மேட் பை' என்று போட்டு, அவர்கள் சம்மதித்தால், அச்சில் மட்டை அழுத்தும் அந்த ஆறு பேரின் பெயர்களையும் எழுதுங்கள்.