காப்பித் தோட்டத்தில் தேவதாரு வைக்கலாமா?

கேள்வி: கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கம், 4000 அடி உயரத்தில் 3 ஏக்கர் காப்பி வைத்திருக்கிறேன். நிழலுக்கு சில்வர் ஓக், ஊடே மலைவாழை. தேவதாரு மரம் நல்ல விலை போகும் என்று சொல்லி, நர்சரியில் 'சீடார்' கன்று தருகிறார்கள். 200 கன்று வைக்கலாமா?

பதில்: வணக்கம் ஐயா. பணம் கொடுக்கும் முன்பே கேட்டீர்களே, நல்லது. தேவதாரு வைக்க வேண்டாம். அது மேற்கு இமயமலை மரம், 5000 அடியில் தொடங்கி 10000 அடி வரைக்கும், குளிர்காலத்தில் பனி கொட்டிக் கிடக்கிற சரிவுகளில் காடாக நிற்பது. உங்கள் ஊரில் அந்தக் குளிர் கிடையாது. ஒன்றிரண்டு பிழைத்துக்கொண்டாலும் வருஷம் முழுக்க இலை உதிர்க்காத மரத்தை வைத்துக்கொண்டு காப்பிக்கு எப்போது வெளிச்சம் விடுவீர்கள்?

அப்புறம், 'சீடார்' என்று இன்னொரு மரத்தையும் சொல்வார்கள், அதனால் அந்தக் கன்றின் இலையைப் பாருங்கள். ஊசி இலை கொத்துக் கொத்தாக இருந்தால் தேவதாரு. வேப்பிலை மாதிரி நீளக் காம்பில் இரண்டு பக்கமும் இலை அடுக்கியிருந்தால் அது சந்தன வேம்பு. சிவப்பு நிறப் பலகைக்காக ஆஸ்திரேலியாவில் சிவப்பு சீடார் என்று வெட்டித் தீர்த்தார்களே, அதே மரம்தான், நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் சொந்தம். உங்களுக்கு ஏற்றது இதுதான். குளிர்காலத்தில் இலை கொட்டும், கோடைக்குள் தழைத்துவிடும்.

ஆனால் 200 வேண்டாம். இதற்கு ஒரே பெரிய எதிரி குருத்துத் துளைப்பான். புழு நுனிக் குருத்துக்குள் புகுந்து குடைந்துவிடும், குருத்து வாடித் தொங்கும், துளை வாயில் எச்சமும் பிசினும் தெரியும், பிறகு பக்கத்தில் நாலைந்து கிளை வெடித்து மரம் புதராகிவிடும், பலகைக்கு உதவாது. வெட்டவெளியில் இதை மட்டும் தோப்பாக வைக்கிற இடத்தில்தான் தாக்குதல் கடுமை, ஆஸ்திரேலியாவிலேயே அப்படி வைத்த தோப்புகள் தேறவில்லை. அதனால் சில்வர் ஓக்கையும் வாழையையும் அப்படியே விட்டு, இடைவெளி பார்த்து 35, 40 அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். ஏக்கருக்கு 30 போதும். ஐப்பசி மழை பிடித்ததும் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். முதல் சில வருஷம் மாதம் ஒருமுறை நுனியைப் பாருங்கள். வாடியிருந்தால் குடைந்த இடத்துக்குக் கீழே வெட்டி எரித்துவிட்டு, வருகிற தளிரில் நேராக உள்ள ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மருந்து அடித்துப் பயனில்லை, புழு உள்ளே இருக்கிறது.

நாற்று நீங்களே விடலாம். வைகாசி, ஆனியில் காய் வெடிக்கும் முன் பறித்து, நிழலில் உலர்த்தி, உடனே விதையுங்கள், வைத்திருந்தால் முளைப்பு போய்விடும்.

இடம் வேண்டுமென்று பழைய நாவலையும் அத்தியையும் மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள், அந்த நிழலை இனி உங்கள் ஆயுளில் வளர்க்க முடியாது. நம் மலையில் 1955-ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பட்டா நிலத்து மரத்துக்கும் வெட்ட அனுமதி வேண்டும். சந்தன வேம்பை நாளைக்கு அறுப்பதற்கும் அதே விதிதான், எனவே நடும்போதே வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, எத்தனை மரம், எந்த வருஷம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.