கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் ஆண் குதிரையை விடலாமா?

தாராபுரம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எட்டு ஏக்கர் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), நடுவில் கிளுவை முள்செடி வேலி. இரண்டு பெண் குதிரைகள் மேய்கின்றன. ஒன்றுக்கு எட்டு மாத ஆண் குட்டி இருக்கிறது. ஆடியில் அந்தியூர் சந்தையில் கத்தியவார் இன ஆண் குதிரை ஒன்று வாங்கினேன். அதை வேலிக்கு அந்தப் பக்கம் விடலாமா, கட்டியே வைக்க வேண்டுமா?"

விடலாம். இன்னொரு குதிரை கண்ணில் படாமல் நாள் முழுக்க ஒரே முளையில் நிற்கும் ஆண் குதிரைதான் பின்னாளில் கடிக்கும், எகிறும். ஆனால் உங்கள் கிளுவை வேலி மட்டும் போதாது. ஆடு மாட்டுக்கு அது அருமையான வேலி. பெண் குதிரை பருவத்துக்கு வந்த நாளில் இவன் நெஞ்சால் முட்டினால் விலகிக் கொடுத்துவிடும். விலகாவிட்டாலும் இரண்டும் மூக்கோடு மூக்கு உரசும், அவள் சீறி முன்காலை வீசுவாள், கால் வேலிக்குள் மாட்டும். சந்துகளை முள்கம்பியால் அடைத்திருந்தால் இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். முள்கம்பியில் குளம்புக்கு மேலே நரம்பு அறுந்த குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காயம் ஆறுவதைப் பார்ப்பதே வேதனை.

கிளுவையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, ஆண் குதிரையின் பக்கம் இரண்டாவது வேலி போடுங்கள். ஐந்தரை அடி உயரம், இரும்புக் குழாய் அல்லது மரச்சட்டம். நடுவில் வண்டித்தடம் மாதிரி ஓர் இடைவெளி கிடைக்கும். பார்க்கட்டும், மோப்பம் பிடிக்கட்டும், தொட மட்டும் முடியக்கூடாது. சோலார் வேலி சேர்ப்பதானால் விட்டு விட்டு அடிக்கும் கருவி பொருத்தியதாக இருக்கட்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுத்தால் ஆள் செத்துப்போவார்.

வேலியைவிட எனக்குப் பயம் படல்தான், அதாவது காட்டு வாசல் கதவு. இரண்டு காட்டுப் படலும் அருகருகே இருக்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டியையும் தீவனத்தையும் எல்லையிலிருந்து தள்ளி வையுங்கள். ஆண் குதிரையைப் பெண் குதிரைகளைத் தாண்டி நடத்திப் போகும் வழியே இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நாள்காட்டி. பெண் குதிரை ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், ஐந்து முதல் ஏழு நாள் இருக்கும். வாலைத் தூக்கி நிற்பாள், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடுவாள். குட்டி போட்ட ஒன்றிரண்டு வாரத்திலேயே மறுபடி பருவம் வரும், அதைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்நாட்டில் பகல் சுருங்கும்போது பருவம் நின்றுவிடும். நம் பக்கம் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். அதனால் மார்கழி, தை என்று அசந்துவிட முடியாது. எந்த மாதமானாலும் பருவ நாட்களில் அவளைத் தூரத்துக் காட்டுக்கு மாற்றுங்கள்.

எட்டு மாதக் குட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் அவசரம் அங்கேதான். ஒரு வயதை ஒட்டியே அவனால் சினையாக்க முடியும், தாயும் விலக்கல்ல. பத்து மாதத்துக்குள் பிரித்துவிடுங்கள். காயடித்தாலும் ஆறு வாரம் தள்ளியே வைக்க வேண்டும், அதுவரை விந்து மிச்சம் இருக்கலாம். பிறகு அவனே பக்கத்துத் தடுப்பில் ஆண் குதிரைக்கு நல்ல துணையாவான்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. சந்தையில் வாங்கியதற்கு ரத்தப் பரிசோதனை ஆயிற்றா? கிளாண்டர்ஸ் குதிரைக்கு வரும், மனிதருக்கும் தொற்றும் நோய். 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயும்கூட. உங்கள் ஊர் அரசுக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள், மாதிரியை எங்கே அனுப்புவது என்று அவர் பார்த்துக்கொள்வார். முடிவு வரும்வரை பொதுத் தொட்டி, பொதுக் கடிவாளம், பொது வாளி எதுவும் வேண்டாம். புது வேலியையும் அதற்குள் போட்டு முடித்துவிடலாம்.